நிலைப்படி வெளிச்சம்: ஓவியர் பதில்கள்

(உருவ ஓவியத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு, கும்பகோணத்துக்கு அருகே வசிக்கும் மூத்த ஓவியரும் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியருமான ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.)

கேள்வி: மனிதர்களை மட்டுமே வரைவது என்று எப்போது முடிவெடுத்தீர்கள்? இந்தத் தொழிலுக்குள் எப்படி வந்தீர்கள்?
— பள்ளி ஆசிரியை, மன்னார்குடி

முடிவெடுத்த நாள் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட என்னால் இயலவில்லை. பாபநாசம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1958-இல் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் படம் என்றால் மளிகைக் கடையில் கொடுத்த நாட்காட்டிதான். ஆண்டு முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுவார்கள். அந்தத் திருமகளையும் கலைமகளையும் சிலேட்டில் வரைந்து வரைந்து கை பழகியது. 1976-இல், இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்று அறியப்படும் கும்பகோணம் நிறுவனத்தில் சேர்ந்தேன்.

முதலாண்டு முழுவதும் சுண்ணத்தில் வார்த்த தலைகளை வரைந்தோம். கிரேக்க மூக்கும் அலையலையான முடியும் கொண்ட அந்தத் தலைகள் அசையாமல் இருந்தன. எங்களுக்கும் வசதியாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் முதியவர் ஒருவரை அழைத்து வந்து முக்காலியில் உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து சுமை இறக்கிவிட்டு வந்தவர், உட்கார்ந்த கால் மணி நேரத்தில் உறங்கிப் போனார். இடத்தோள் ஒரு விரற்கடை இறங்கியது. தலை மார்பை நோக்கிச் சாய்ந்தது. நாங்கள் முப்பது பேரும் அதுவரை போட்ட கோடுகள் அனைத்தும் பொய்யாகிவிட்டன. எழுப்பலாமா என்று ஆசிரியரைப் பார்த்தோம். எழுப்ப வேண்டாம், உறங்குகிறவரையே வரையுங்கள் என்றார் அவர். அன்றைக்கு அந்தத் தோளை வரைந்தபோதுதான், பிடரிக்குக் கீழே மூட்டை பதிந்து பதிந்து தசை தடித்திருந்ததைக் கண்டேன். சுண்ணத் தலையில் அப்படி எதுவும் இருந்ததில்லை. என் தொழிலின் தொடக்கம் எது என்று கேட்டால் அந்தத் தடிப்பைத்தான் சொல்வேன்.

படிப்பை முடித்ததும் திரைப்பட விளம்பரத் தட்டிகள் வரையும் பட்டறையில் ஐந்தாண்டுகள் வேலை பார்த்தேன். சிறு புகைப்படத்தின் மேல் கட்டமிட்டு, அதே கட்டங்களை இருபதடித் தட்டியில் பெரிதாக்கி, சாரத்தில் நின்றபடி ஒரு நடிகரின் கண்ணை மட்டும் அரைநாள் வரைவோம். கதாநாயகனுக்கு இளஞ்சிவப்பு, வில்லனுக்கு நீலமும் பச்சையும் என்பது பட்டறையின் எழுதப்படாத விதி. அந்த விதியிலிருந்து கையை மீட்க எனக்குப் பத்தாண்டுகள் ஆயின என்றாலும், பெரிய பரப்பைக் கண்டு அஞ்சாமலிருக்கக் கற்றுக்கொடுத்தது அந்தப் பட்டறைதான். 1986-இல் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் டிராயிங் மாஸ்டர் ஆனேன். 2016-இல் ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட முப்பதாண்டுகளும் ஞாயிற்றுக்கிழமை ஓவியன்தான். நாற்பது வயதில்தான் முதல் தனிக் கண்காட்சி வைக்க முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு நகரத்துக் கலைக்கூடம் என் படங்கள் மூன்றை வாங்கிச் சென்று, இரண்டை விற்றுவிட்டுப் பணமும் தராமல், மூன்றாவதைக் கித்தான் கிழிந்த நிலையில் லாரியில் திருப்பி அனுப்பியது. கிழிந்த இடத்தைப் பின்னாலிருந்து துணியொட்டிச் சரிசெய்தேன். அந்தப் படம் இன்றும் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

கேள்வி: உங்கள் ஓவியங்களில் எல்லாப் பெண்களும் கறுப்பாகவே இருக்கிறார்கள். இது ஒரு கொள்கையா? அந்த நிறத்தை எப்படிக் கலக்குகிறீர்கள்? நான் முயன்றால் சேறு பூசியதுபோல் ஆகிவிடுகிறது.
— ஓவியக் கல்லூரி மாணவி, திருவாரூர்

கொள்கை என்று பெரிய சொல் எதற்கு? இந்த வட்டாரத்தில் என் முன் வந்து உட்காருகிறவர்களின் நிறம் அது. என்றாலும் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டதற்காக நன்றி. என் வாழ்நாளின் பெரும்பகுதி இந்த ஒரே சிக்கலில்தான் போயிருக்கிறது.

வண்ணப் பெட்டிகளில் ‘தோல் நிறம்’ என்று எழுதப்பட்ட குழாய் ஒன்று இருக்கும். இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த அந்த நிறத்தில் தோலுள்ள ஒருவரை எங்கள் தெருவில் நான் கண்டதில்லை. ஆனாலும் சிறுவயதில் அப்பா, அம்மா, அக்கா, நான் என எல்லோரையும் அதே குழாயிலிருந்துதான் வரைந்தேன். நாட்காட்டிப் படங்கள் இந்தப் பழக்கத்தை உறுதிப்படுத்தின. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து தெய்வப் படங்கள் வீடுதோறும் வந்து சேர்ந்தன. அவரைப் பின்பற்றிப் பின்னால் வந்தவர்கள் தெய்வத்தின் வெளுப்பை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போனார்கள். ரவிவர்மாவின் கையைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. பட்டின் மடிப்பையும் நகையின் மினுக்கத்தையும் எண்ணெய் வண்ணத்தில் அவர் கையாண்ட விதத்தைப் பார்த்துத்தான் என் போன்றோர் அந்த ஊடகத்தையே கற்றோம். அவர் வழியாக வந்த பழக்கத்தை மட்டுமே குறை சொல்கிறேன்.

இனி கலவைக்கு வருவோம். சேறுபோல் ஆவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நிழலுக்குக் கறுப்பையும் ஒளிக்கு வெள்ளையையும் கலப்பது முதற்காரணம். கறுப்பு தோலைக் கரியாக்கும். டைட்டானியம் வெள்ளை அதன்மேல் சாம்பல் பூசும். இரண்டுமே இல்லாமல் தொடங்குங்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, ரா அம்பர் என்ற கரும்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கறுப்பைவிட ஆழமான, உயிருள்ள இருள் கிடைக்கும். அதில் நீலத்தைக் கூட்டினால் குளிரும். சியன்னாவைக் கூட்டினால் சுடும். ஒளிபடும் இடத்துக்கு எல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சளைக் கொண்டு ஏறுங்கள். வெள்ளையை மிகவும் இறுதியில், ஊசி முனையளவு, அதுவும் நீலத்தோடு சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது காரணம் கலவையைவிட முக்கியமானது. கறுத்த தோலை ஒரே நிறம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வெளுத்த தோல் ஒளியை உள்வாங்கிப் பரப்புவதால் அதன் வண்ண மாற்றம் மென்மையாக இருக்கும். கறுத்த தோலில் மேற்பரப்பின் பளபளப்பே முன்னால் வந்து நிற்கும். ஆகவே அது தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றின் நிறத்தையும் கண்ணாடிபோல் வாங்கிக்கொள்ளும். நெற்றியில் வானத்தின் நீலமும், கழுத்தோரத்தில் சேலையின் சிவப்பும், புறங்கையில் சுண்ணாம்புச் சுவரின் வெண்மையும் படிந்திருக்கும். ஒருமுறை குறுவை நடவின்போது வரப்பில் நின்று பாருங்கள். குனிந்து நாற்று நடுகிற பெண்களின் முதுகின் மேல் வெயில் மேலிருந்து விழும். முகத்துக்கோ வயலில் தேங்கிய நீரிலிருந்து ஒளி கீழிருந்து ஏறும். மோவாயும் மூக்கின் அடிப்புறமும் புருவத்தின் கீழ் விளிம்பும் ஒளிர, நெற்றி இருண்டிருக்கும். உலகத்துச் சித்திரப் பாடநூல்கள் அனைத்தும் நிழல் விழும் என்று சொல்கிற இடங்களிலெல்லாம் எங்கள் ஊர் நடவுப் பெண்ணுக்கு வெளிச்சம் விழுகிறது. இதைக் கண்டுகொள்ள எனக்கு நாற்பத்தைந்து வயதாயிற்று. அந்த வரப்பில்தான் சிறுவயது முழுவதும் நடந்து பள்ளிக்குப் போனேன் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும்.

இந்த நிறத்தை மதித்து வரைந்தவர்கள் முன்பே இருந்தார்கள். 1913-இல் புடாபெஸ்டில் பிறந்து பாரிசில் பயின்ற அம்ரிதா ஷெர்கில், அஜந்தாவைப் பார்த்துவிட்டுத் தென்னாட்டிலும் பயணம் செய்து திரும்பியபின், 1937-இல் தென்னாட்டு மனிதர்களை வரைந்த படங்களைத் தேடிப் பாருங்கள். அவற்றுள் ‘பிரம்மச்சாரிகள்’ என்ற படத்தில், வெள்ளை வேட்டிகளுக்கு மேலே மாணாக்கர்களின் பழுப்பு உடல்கள் எவ்வளவு அமைதியோடு அமர்ந்திருக்கின்றன! இருபத்தெட்டே வயதில் 1941-இல் லாகூரில் அவர் மறைந்தார்.

கேள்வி: கையடக்கத் தொலைபேசியில் நொடியில் படம் எடுத்துவிடலாம். நாள்கணக்கில் ஒருவரை உட்காரவைத்து வரைவதால் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது?
— வணிகர், நாகப்பட்டினம்

முதுகுவலி கிடைக்கிறது, எனக்கும் உட்காருகிறவருக்கும்.

வேடிக்கை போகட்டும். கேமரா ஒரு நொடியை எடுத்துத் தருகிறது. பத்து நாள் காலையில் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால், முதல் நாள் அவர் தன்னுடைய புகைப்பட முகத்தை வைத்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் அது களைத்துப்போய் நழுவும். ஐந்தாம் நாள் கடன் கொடுத்தவரைப் பற்றியோ, பேறுகாலத்துக்கு வந்திருக்கும் மகளைப் பற்றியோ பேசத் தொடங்குவார். என் கித்தானில் இருப்பது அந்தப் பத்து நாளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த முகம். அது எந்த ஒரு நொடியிலும் அவருக்கு இருந்ததில்லை. ஆனால் வீட்டார் பார்த்தால் அவரேதான் என்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உட்காருகிறவருக்கு அன்றைய நடவுக் கூலி எவ்வளவோ அதைக் கொடுத்துவிடுவேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்குக் கூலியா என்று தொடக்கத்தில் மறுப்பார்கள். உட்கார்ந்திருப்பது சும்மா இருப்பதாகாது என்பதை இரண்டாம் நாளே அவர்களின் முழங்கால் அவர்களுக்குச் சொல்லிவிடும். சென்னை மெரினாவில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையைப் பார்க்காத தமிழர் குறைவு; 1959-இல் அது நிறுவப்பட்டது. பாறையை நெம்பும் அந்த உடல்களுக்குச் சென்னைக் கலைப் பள்ளியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வதுண்டு. அந்தக் காவலாளி எத்தனை நாள் நின்றிருப்பார், இரவுக் காவலையும் அவரே பார்த்திருப்பாரா என்றுதான் அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

புகைப்படத்தை நான் தொடவே மாட்டேன் என்று பொருள் கொள்ள வேண்டாம். ஓடும் குழந்தையையும் ஆற்றில் குதிக்கும் சிறுவர்களையும் உட்கார வைக்க முடியாது. அவற்றுக்குப் புகைப்படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன். நிறத்தை மட்டும் ஒருபோதும் அதிலிருந்து எடுப்பதில்லை.

கேள்வி: மறைந்த ஓவியர் இளையராஜாவின் படங்களையும் உங்கள் படங்களையும் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். அவரைப் பற்றி உங்கள் கருத்து என்ன?
— நூலகர், தஞ்சாவூர்

ஒப்பிடுகிறவர்கள் எனக்குப் பெருமை சேர்க்கிறார்கள்; ஒப்பீடு சரியானதன்று. 1979-இல் கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பலில் பிறந்து, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியிலும் பிறகு சென்னையிலும் பயின்றவர் அவர். எங்கள் தலைமுறை செய்யத் தவறிய ஒன்றை அவர் செய்தார். சிற்றூர்ப் பெண்களை, அவர்களுடைய உண்மையான நிறத்திலும் உண்மையான வீட்டிலும் வரைந்து, அந்தப் படங்கள் வார இதழ்கள் வழியாகத் தேநீர்க் கடைப் பெஞ்சு வரை போகும்படி செய்துவிட்டார். கலைக்கூடத்துக்குள் கால் வைத்திராதவர்கள் கூட அவருடைய படத்தை வெட்டியெடுத்து வைத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அவருடைய படங்களில் கதவோரம் நிற்கும் பெண்ணைக் கவனியுங்கள். நம் பழைய ஓட்டு வீடுகளில் வெளிச்சம் சன்னல் வழியாகக் குறைவாகவே வரும். முற்றத்திலிருந்தும் நிலைப்படியிலிருந்தும் வரும். அது தரையில் பட்டு எழும்பி, முகத்தின் ஒரு பாதியைத் தொட்டுவிட்டு உள்ளறையின் இருட்டில் கரைந்துவிடும். ஐரோப்பிய ஓவியத்தின் வடக்குச் சன்னல் வெளிச்சத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பில் சொன்னார்கள். நிலைப்படி வெளிச்சத்தைப் பற்றி எவரும் சொல்லவில்லை. அதைத் தானாகவே கண்டடைந்தவர் அவர்.

குறை எதுவும் இல்லையா என்றால், சில படங்களில் சேலையின் நூலும் வளையலின் பளபளப்பும் முகத்தோடு போட்டியிடுவதாக எனக்குப் பட்டதுண்டு. ஐம்பது, அறுபது வயதில் அவர் கையே அதைக் குறைத்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த வயதுகளை 2021 ஜூன் மாதத்தில் கொரோனா பறித்துக்கொண்டது. செய்தி வந்த அன்று நான் கலந்து வைத்த வண்ணம் தட்டிலேயே தோல்கட்டிப் போயிற்று.

கேள்வி: உலகம் அரூப ஓவியத்துக்குப் போய் நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்னும் கண், மூக்கு, காது வரைவது பழமை அல்லவா?
— பொறியாளர், மயிலாடுதுறை

இருக்கலாம். நெல் விளைவிப்பதும் பழமைதான்.

அரூப ஓவியத்தின்மேல் எனக்குப் பகையில்லை. திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்த ஆதிமூலம், காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு மையில் வரைந்த காந்தி உருவங்களை மாணவப் பருவத்தில் பார்த்து, அந்தக் கோட்டின் வேகத்துக்கு அடிமையானவன் நான். பின்னாளில் அதே ஆதிமூலம் உருவத்தை விட்டு நீங்கி வண்ண வெளிகளுக்குள் போனார். அந்தப் பெரிய கித்தான்களின் முன் நிற்கும்போது, உருவத்தை அவ்வளவு ஆழமாக அறிந்த கை அதைக் கைவிடும்போது ஏற்படும் நிறைவு தெரியும். சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் தொடக்கத்தில் மனிதர்களையும் நிலக்காட்சிகளையும் வரைந்து தேர்ந்த பிறகே 1960-களில் எழுத்தும் குறியீடுமான தம் வரிசைக்கு வந்தார். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாக முன்னின்றவரும் அவரே. எனக்கு அச்சம் தருபவர்கள் உருவத்தைக் கற்காமலே அதைத் துறந்தவர்கள். துறப்பதற்கு முதலில் கையில் ஏதேனும் இருக்க வேண்டும்.

நானும் நாற்பதுகளில் ஈராண்டு அரூபமாக வரைந்து பார்த்தேன். வரைந்த எல்லாவற்றிலும் எங்கோ ஒரு தோள் வந்து நின்றது. விட்டுவிட்டேன்.

கேள்வி: உருவம் வரையக் கற்க விரும்புகிறவர்கள் நம் பகுதியில் எங்கெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும்?
— ஓவிய ஆசிரியர், கும்பகோணம்

முதலில் தாராசுரம் போகச் சொல்வேன். உங்களுக்குச் சைக்கிள் தொலைவுதான். இரண்டாம் இராசராசன் காலத்து ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறுகளைச் சிறு சிறு சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கி, பெயரும் பொறித்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் தேர்ச் சக்கரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். அந்தச் சிற்பங்கள் சிறியவை. வேடரும் குயவரும் வண்ணாரும் அரசரும் அங்கே ஒரே அளவில் இருக்கிறார்கள். முகங்கள் காலத்தால் தேய்ந்துவிட்டன. ஆயினும் ஒருவர் வணங்குகிறாரா, அஞ்சுகிறாரா, வாள் ஓங்குகிறாரா என்பது முதுகின் வளைவிலேயே தெரிந்துவிடும். முகமில்லாமல் உணர்ச்சியைச் சொல்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மாணவர்களுக்கு நான் கொடுத்த ஒரே வீட்டுப்பாடம், ஒரு நாயன்மாரைப் பத்துக் கோடுகளுக்குள் வரைந்து வா என்பதுதான்.

அடுத்து தஞ்சைப் பெரிய கோயில். கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றறையில் நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்தார். பொதுமக்களுக்கு அந்த அறை திறந்துவிடப்படுவதில்லை. ஆகவே நல்ல அச்சுப்படிகளைத்தான் நம்ப வேண்டும். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலை செல்லும் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தவர், அதே கதையில் கையில் ஓலையோடு திருமணப் பந்தலுக்குள் நுழையும் கிழவர். வந்திருப்பவர் இறைவனே என்றாலும், வழக்காட வந்த முதியவரின் பிடிவாதம்தான் அந்த நிற்கும் தோரணையில் இருக்கிறது. ஈரச் சுண்ணாம்பின் மீது வரைந்தவை இவை என்று வேதியியல் அறிஞர் பரமசிவன் ஆய்ந்து சொன்னார். ஈரச் சுண்ணாம்பில் வரைவதன் பொருளை எண்ணிப் பாருங்கள்: சுவர் காய்வதற்குள் கோடு முடிந்தாக வேண்டும், அழித்துத் திருத்த வழியில்லை. எண்ணெய் வண்ணத்தில் பத்து நாள் தடவிக்கொண்டிருக்கும் என் போன்றவனுக்கு அந்தக் கோட்டைப் பார்த்தால் கூச்சமாக இருக்கும்.

திருவாரூர் தேவாசிரியன் மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை தீட்டப்பட்டிருக்கிறது. வரைந்த ஓவியர் சிங்காதனத்தின் பெயரும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. சிற்பிகளும் ஓவியர்களும் பெயரில்லாமலேயே போய்ச்சேர்ந்த நம் மரபில், அந்த எழுத்தைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஊர்வலத்தில் வரும் கூட்டத்தை வரைவது எப்படி என்று அறிய விரும்புகிறவர்கள் கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம் அது.

இதழ்ச் சித்திரங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். 1924-இல் தஞ்சையில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற கோபுலுவின் கோடுகளில், தவில்காரர் ஒருவர் உட்காரும் விதமும், சமையற்காரர் துண்டை இடுப்பில் கட்டியிருக்கும் விதமும் ஒரு நூல் பிசகாமல் இருக்கும். சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவதால், அவர் எவ்வளவு பெரிய உருவ ஓவியர் என்பதை நாம் கவனிப்பதில்லை.

கேள்வி: தஞ்சாவூர் ஓவியம் வரைவீர்களா?
— இல்லத்தரசி, சுவாமிமலை

இல்லை, அம்மா. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடு எழுப்பி, பொன்தகடு பதிக்கிற அந்தக் கைத்திறனுக்குத் தனிப் பொறுமை வேண்டும். அதற்கென்றே குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரில் பஞ்சலோகம் வார்ப்பவர்களிடம் போய் ஓவியம் வரையச் சொல்வோமா?

கேள்வி: என் மகள் கவின்கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். இது சோறு போடுமா?
— ஒரு தாய், பட்டுக்கோட்டை

ஓவியம் விற்று மட்டுமே வாழ்ந்த உருவ ஓவியர்களை என் நட்பு வட்டத்தில் ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மற்றவர்கள் ஆசிரியர்களாகவும், இதழ் ஓவியர்களாகவும், திரைப்படக் கலை இயக்குநர்களின் உதவியாளர்களாகவும், துணி வடிவமைப்பாளர்களாகவும் இருந்துகொண்டு வரைந்தார்கள். சோழமண்டலத்து ஓவியர்களே தொடக்கத்தில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகள் செய்து விற்றுத்தான் தங்கள் நிலத்தையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டார்கள். 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் அச்சு வந்தபோது, என்னோடு தட்டி வரைந்த பலர் ஓரிரு ஆண்டுகளில் வேலையிழந்து, வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். இதையெல்லாம் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சொன்ன பிறகும் அவள் சேர விரும்பினால், தடுக்காதீர்கள். ஒரு நிபந்தனை மட்டும் விதியுங்கள்: நான்காண்டுகளும் நாள்தோறும் வீட்டில் ஒருவரையாவது வரைய வேண்டும், உங்களையும் சேர்த்து. நீங்களும் அரை மணி நேரம் அவள் எதிரே உட்கார வேண்டும். அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடக் கூடாது.

கேள்வி: மழைக்காலத்தில் என் எண்ணெய் ஓவியங்கள் காய்வதே இல்லை, பூஞ்சையும் பிடிக்கிறது. என்ன செய்வது?
— இளம் ஓவியர், வேதாரண்யம்

எண்ணெய் வண்ணம் நீர்வண்ணம்போல் உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை வாங்கி இறுகுகிறது. அடைமழையின் குளிரும் ஈரமும் இருளும் அதைத் தாமதப்படுத்தும். ஐப்பசி, கார்த்திகையில் தடித்த பூச்சு வேண்டாம். முதற்பூச்சுகளை டர்பன்டைன் கலந்து மெலிதாகவும், எண்ணெய் மிகுந்தவற்றை மேலேயும் வையுங்கள். கித்தானைச் சுவரோடு ஒட்டிச் சாய்க்காமல், பின்புறம் காற்றோட ஒரு சாண் இடம் விடுங்கள். இருட்டறையில் பூட்டி வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கடலோரத்து உப்புக் காற்றில் இரும்பாணி துருவேறிக் கித்தானைத் தின்னும் என்பதால் செப்பாணி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீங்கள் வரைகிறவர்களுக்கு உங்கள் படம் பிடிக்கிறதா?
— கல்லூரி மாணவர், திருத்துறைப்பூண்டி

பெரும்பாலும் பிடிப்பதில்லை. கிழவியாக்கிவிட்டீர்கள் என்பார்கள், இவ்வளவு கறுப்பா நான் என்பார்கள். அவர்களும் அதே நாட்காட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாமே.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரிலிருந்து எழுபது வயதைக் கடந்த நடவுக்காரப் பெண்மணி ஒருவர் வந்து உட்கார்ந்தார். பதினொரு காலைகள். கண்ணில் கண்டதைத் தவிர வேறெதையும் கித்தானில் வைப்பதில்லை என்பது அன்றுவரை என் கட்டுப்பாடு. மாணவர்களுக்கும் அதையே சொல்லி வந்தேன். படம் முடிந்த அன்று அவரை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; சுருக்கங்களைப் பற்றியும் சொல்லவில்லை. “வாத்தியாரய்யா, என் தோட்டைக் காணுமே” என்றார்.

அவர் காதில் தோடு இருக்கவில்லை. பதினொரு நாளும் ஈர்க்குச்சிதான் செருகியிருந்தார்; அதைத்தான் மிகுந்த கவனத்தோடு வரைந்திருந்தேன், அந்த ஈர்க்குச்சியின் நிழல் உட்பட. நீங்கள் தோடு அணிந்து வரவில்லையே அம்மா என்றேன். அது அடகுக் கடையில் இருக்கிறது, பேத்தி படிப்புக்கு வைத்தது, அதனால் என்னுடையது இல்லையென்று ஆகிவிடுமா என்று கேட்டார்.

நான் தூரிகையை எடுத்துக்கொண்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல வரைந்தேன். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு, எல்லாம் சிவப்புக் கல். கீழே வலப்புறத்துக் கல் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கும் என்றார். அதற்கு அலிசரின் சிவப்பில் சிறிது அம்பரைக் கலந்தேன். இன்னும் கொஞ்சம் மங்கல் என்றார்.